தாழ்ச்சியின் வழி சென்ற புனித அருளானந்தர்



நம் பங்கின் ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் அதிக நேரம் யோசிக்கவில்லை. மலர் வேலைகள் தவக்காலத்தில் நடந்துகொண்டிருந்தன. தவக்காலம் என்றதும் தமிழகக் கத்தோலிக்கருக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அவரே மறவ நாட்டில் இரத்தம் சிந்திய மறைசாட்சி, புனித அருளானந்தர்.

அவருக்கும் தவக்காலத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அவர் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த நாள் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4. அன்று சாம்பல் புதன். பாஸ்குத் திருநாள் மார்ச் 22-க்கு முன்னால் வர முடியாது என்பது திருச்சபையின் கணக்கு. ஆகவே சாம்பல் புதனும் பிப்ரவரி 4-க்கு முன்னால் வருவதில்லை. அந்தக் கடைசி எல்லையில் 1693-ஆம் ஆண்டின் தவக்காலம் தொடங்கியது. அதற்குப் பின் 1761-இலும் 1818-இலும் மட்டுமே அப்படி நேர்ந்தது. இனி 2285-இல்தான் நேரும். ஆகவே நம் வாழ்நாளில் அவருடைய திருநாள் எப்போதும் சாம்பல் புதனுக்கு முன்னதாகவே வரும். தவக்காலத்தின் வாசலில் நின்று நம்மை உள்ளே அழைக்கும் புனிதர் என்று அவரைச் சொன்னால் தவறாகாது.

தாழ்ச்சியைப் பற்றியும் இறைவனிடம் தன்னைக் கையளிப்பதைப் பற்றியும் நாம் பல மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். ஆனால் கையளித்தல் என்றால் உண்மையில் எதைக் கையளிப்பது என்பதை இப்புனிதரின் வாழ்க்கையிலிருந்துதான் நாம் கற்றுக்கொண்டோம். அதுவும் காலம் தாழ்த்தியே.

அரண்மனைப் பிள்ளை

போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் அருளப்பர். ஜான் டி பிரிட்டோ என்று உலகம் அறியும். உயர்குலக் குடும்பம். தந்தை அரசருக்கு நெருக்கமானவர். பிரேசில் நாட்டில் பதவி ஏற்கச் சென்ற அவர் அங்கேயே இறந்தார். தந்தையை இழந்த பிள்ளை அரண்மனையிலேயே வளர்ந்தார். ஏறக்குறைய தம் வயதுடைய இளவரசர் பேதுருவுக்கு அவர் தோழர். இந்தப் பேதுருவே பிற்காலத்தில் போர்த்துக்கல் அரசரானார்.

சிறுவராக இருக்கும்போது அவருக்குக் கடும் நோய் கண்டது. பிழைக்கமாட்டார் என்ற நிலையில் தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை அவருக்கு அணிவிப்பதாக வேண்டுதல். மகன் பிழைத்தார், வேண்டுதலும் நிறைவேறியது. பட்டும் சரிகையும் உலாவிய அரண்மனையில் ஒரு சிறுவர் கறுப்பு அங்கியோடு ஓராண்டு நடமாடினார்.

பெரியபாளையத்து மக்களாகிய உங்களுக்கு நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் பிறந்தால் நம் ஊர்ச் சாலைகள் வேற்றூர் வண்டிகளால் நிரம்பிவிடுகின்றன. பவானி அம்மன் கோவிலுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி வரும் பிற சமயச் சகோதர சகோதரிகளை நாம் காண்கிறோம். பிள்ளைக்கு நோய் என்றால் தாய் எந்த எல்லைக்கும் போவாள் என்பதில் சமய வேறுபாடு கிடையாது. ஆனால் இந்தத் தாயின் வேண்டுதலில் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்தாயிற்று. ஆசை மட்டும் கழலவில்லை. 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், 15 வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

துறவியாவதைத் தாயார் பொறுத்துக்கொண்டார். ஆனால் சவேரியார் சென்ற இந்தியாவுக்கே தாமும் போக வேண்டும் என்று மகன் விண்ணப்பித்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. மேலதிகாரிகளிடம் முறையிட்டார், செல்வாக்குள்ளவர்களின் உதவியையும் நாடினார். கணவரைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்த பெண் அவர். அவருடைய அழுகையை நாம் குறைகூற முடியாது. மகன் அந்த அழுகையைக் கேட்டும் கலங்கினார், அழைப்பையும் விடவில்லை. 1673-இல் குருப்பட்டம் பெற்று அதே ஆண்டிலேயே கப்பலேறினார். செப்டம்பரில் கோவாவை அடைந்தார்.

பண்டார சுவாமி

இங்கே அக்காலத்து நிலைமையைச் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊரைத் தொட்டு ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டில் போய்ச் சேருகிறது. அங்கே 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் குடியேறி மாதா கோவில் எழுப்பியிருந்தார்கள். மயிலாப்பூரிலும் அவர்கள் இருந்தார்கள். ஆனால் கடற்கரையில் கப்பலும் பீரங்கியும் துணையிருந்த இடங்களோடு அவர்கள் செல்வாக்கு நின்றுவிட்டது. உள்நாட்டில் பரங்கியர் என்றால் மக்களுக்கு அருவருப்பு. மாட்டிறைச்சி தின்பவர்கள், மது குடிப்பவர்கள், குளிக்காதவர்கள் என்று ஒதுக்கினார்கள். பரங்கியர் மதம் என்றால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் மறுத்தார்கள்.

இந்தச் சுவரைக் கடக்க 1606-இல் மதுரையில் வழி தேடியவர் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நோபிலி சுவாமி. அவர் சந்நியாசி கோலம் பூண்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர், எல்லாக் குலத்தாரிடமும் பழகுவதற்கு ஏற்ற பண்டார சுவாமி என்ற கோலத்தை ஏற்றார்கள். 1674-இல் மலையாளக் கரையிலிருந்து மலைகளைக் கடந்து தமிழ் நாட்டுக்குள் நடந்து வந்த நம் புனிதரும் அதையே தேர்ந்துகொண்டார். காவி உடை, தலைப்பாகை, கையில் தடி. இறைச்சியும் மீனும் மதுவும் அறவே இல்லை. சோறும் கீரையும் பாலுமே உணவு. அதுவும் ஒரு வேளை. அருளப்பர் என்ற தம் பெயரின் பொருளைத் தமிழில் பெயர்த்து அருளானந்தர் ஆனார்.

தாழ்ச்சி என்றால் தலையைக் குனிந்து மெதுவாகப் பேசுவது என்று நாம் நினைக்கிறோம். இவர் செய்தது அதைவிடக் கடினம். பிறந்த நாட்டின் பெயரை விட்டார். குடும்பப் பெயரை விட்டார். நாக்குக்குப் பழகிய உணவை விட்டார். தாய்மொழியை விட்டு, பிள்ளைகளைப்போல எழுத்திலிருந்து தொடங்கித் தமிழ் கற்றார். அரசரின் நண்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் கடற்கரையில் மதிப்பு கிடைத்திருக்கும். உள்நாட்டில் அந்தப் பெருமையே தடைக்கல் என்று கண்டு, அதை வாசலுக்கு வெளியே கழற்றிவைத்துவிட்டு வந்தார்.

அவர் காலம் அமைதியான காலமும் அல்ல. தஞ்சையில் நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. 1677-இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். வெள்ளமும் பஞ்சமும் கொள்ளையும் மக்களை அலைக்கழித்தன. இவற்றுக்கு நடுவே அவர் ஊர் ஊராக நடந்தார். ஓலைக் குடிசையில் பலிபூசை. இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டல். விடிந்தால் அடுத்த ஊர். அவருக்கு முன்னால் நடந்து வழியைத் திறந்தவர்கள் உபதேசியார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. அருளானந்தரின் புகழில் பாதி அவர்களுக்கு உரியது என்பதே நம் எண்ணம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்து மிஷன் சாதி வேற்றுமையை ஒழிக்கவில்லை. அதற்கு வளைந்துகொடுத்தே வேலை செய்தது. பண்டார சுவாமிகள் தாழ்த்தப்பட்ட மக்களிடமும் போனார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க அவர்களால் இயலவில்லை. அந்த வளைவின் தழும்பைத் தமிழகத் திருச்சபை நெடுங்காலம் சுமந்தது; இன்னும் முற்றிலும் ஆறியதாகச் சொல்ல முடியாது. புனிதர் விட்டுச் சென்ற வேலை அது. அதை முடிக்க வேண்டியவர்கள் நாம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

1680-களின் நடுவில் அருளானந்தர் மதுரை மிஷனின் தலைவரானார். தலைவர் என்பதால் ஓரிடத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1686-இல், நெடுநாளாகக் குரு எவரும் தங்கிப் பணிசெய்ய முடியாமல் கிடந்த மறவ நாட்டுக்குள் அவரே நுழைந்தார். இன்றைய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமை அது. சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சூலை மாதத்தில் அவரும் அவருடன் இருந்த உபதேசியார்களும் பிடிபட்டார்கள்.

பட்ட பாடுகளை விரித்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கட்டி வைத்து அடித்தார்கள். தண்ணீரில் அமிழ்த்தினார்கள். வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையில் கிடத்தி மிதித்தார்கள். மரண தண்டனை என்று அறிவிப்பும் ஆயிற்று. அருளானந்தர் மகிழ்ந்தார். சிறுவயது முதல் அவர் இறைவனிடம் கேட்டு வந்த வரம் அதுதான். உபதேசியார்களும் அவரோடு சாகத் தயாரானார்கள்.

ஆனால் சாவு வரவில்லை. இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவரை அரசர் கிழவன் சேதுபதி நேரில் விசாரித்தார். அவருடைய போதனையைக் கேட்டார். அதில் குற்றம் காணவில்லை போலும். இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்துவிட்டார்.

நம்மைப்போன்றவர்கள் தலை தப்பியது என்று கோவிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்போம். அருளானந்தருக்கோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. அதுவும் போதாதென்று, காயங்கள் ஆறுவதற்குள் மேலதிகாரிகளிடமிருந்து கட்டளை வந்தது. மிஷனின் காரியங்களை எடுத்துரைக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். தாம் உயிரைக் கொடுக்க வந்த மண்ணை விட்டு, எந்த அரண்மனையை உதறிவிட்டு வந்தாரோ அந்த அரண்மனைக்கே திரும்பிப் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் நாம் பல ஆண்டுகளாக நின்று நின்று யோசித்திருக்கிறோம். அவர் மறுத்திருந்தால் காரணங்கள் இருந்தன. மறவ நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற மக்கள் மேய்ப்பனின்றிக் கிடந்தார்கள். அவருக்கு மொழி தெரியும், வழி தெரியும். மறைசாட்சியாக வேண்டும் என்ற ஆசையைவிடப் பரிசுத்தமான ஆசை ஒரு குருவுக்கு இருக்க முடியுமா? ஆனாலும் அவர் அந்தப் பரிசுத்த ஆசையையும் பீடத்தில் வைத்துவிட்டுக் கப்பலேறினார். பாவத்தை விடுவது தவக்காலத்தின் முதல் படி. நல்லதை, நாமே தேர்ந்துகொண்ட நல்லதை, இறைவன் வேறு வழி காட்டும்போது விட்டுவிடுவது அதற்கும் மேலான படி.

இதை எழுதும் உரிமை நமக்கு எளிதில் வந்ததல்ல. நாம் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் ஒரு சிற்றூரில் கோவில் கட்டத் தொடங்கினோம். செங்கல் செங்கலாகப் பணம் சேர்த்தோம். சுவர் ஆள் உயரம் எழும்பியபோது மாற்றல் கடிதம் வந்தது. கீழ்ப்படிந்து போனோம், ஆனால் முகத்தில் கீழ்ப்படிதலும் நெஞ்சில் முணுமுணுப்புமாகப் போனோம். அந்தக் கோவில் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தும் ஏதோ காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டோம். கட்டியது இறைவனுக்கா, நமக்கா என்ற கேள்வியை அருளானந்தரின் வரலாறுதான் பிற்காலத்தில் நம்மிடம் கேட்டது. பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

மீண்டும் அரண்மனை

1687-ஆம் ஆண்டு செப்டம்பரில் அருளானந்தர் லிஸ்பனில் இறங்கினார். சிறுவயதுத் தோழர் பேதுரு இப்போது அரசர். தாயாரும் உயிரோடிருந்தார். 14 ஆண்டுகளுக்கு முன் அனுப்பிவைத்த மகன் வெயிலில் கறுத்து, மெலிந்து, உடலில் தழும்புகளோடு வந்து நின்றார். நாடே அவரைக் காணத் திரண்டது. அங்கேயும் அவர் மதுரை மிஷனின் எளிய உணவையும் கடின வாழ்வையும் விடவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகிறார்கள்.

அரசர் அவரைப் போக விட விரும்பவில்லை. தம் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே இருக்கும்படி கேட்டார். அதில் பாவம் எதுவும் இல்லை. வருங்கால அரசரை நல்லவராக வளர்ப்பதும் இறைபணிதான் என்று சொல்லிக்கொண்டு தங்கிவிடலாம். கீழ்ப்படிந்து வந்தவர், வந்த வேலை முடிந்ததும், திரும்பிப் போக விடை கேட்டார். போகச் சொன்னபோது போனதும், தங்கச் சொன்னபோது மறுத்ததும் முரண்பாடாகத் தோன்றலாம். முரண்பாடு இல்லை. ஐரோப்பாவுக்குப் போகச் சொன்னது அவர் கீழ்ப்படிய வாக்களித்திருந்த அதிகாரம். தங்கச் சொன்னது நட்பும் வசதியும். எது இறைவனின் அழைப்பு, எது வசதியின் அழைப்பு என்று பிரித்தறிவதும் தாழ்ச்சியில் அடங்கும்.

1690-இல் அவர் மீண்டும் கோவாவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மறவ நாட்டின் காடுகளில் அவருடைய ஓலைக் குடிசை மீண்டும் எழுந்தது.

தடியத்தேவரும் கடலாயியும்

மறவ அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் தடியத்தேவர். தீராத நோயில் கிடந்த அவர் கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரின் செபத்தால் நலமடைந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அருளானந்தரிடம் வந்தார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் மனைவியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது திருச்சபையின் நிபந்தனை. அவர் இசைந்தார். மற்றவர்களுக்கு வாழ்வுக்கான ஆதரவு அளிப்பதாகச் சொல்லி விலக்கினார். 1693-ஆம் ஆண்டு சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கடலாயி. சேதுபதியின் உடன்பிறந்தாள் மகள் என்பார்கள். அவர் அரசரிடம் சென்று முறையிட்டார். பழைய புத்தகங்கள் இந்தப் பெண்ணை ஏரோதியாளுக்கு ஒப்பிட்டுத் திட்டுவதுண்டு. ஸ்நாபக அருளப்பரின் வரலாற்றோடு பொருந்துவதால் அப்படி எழுதிப் பழகிவிட்டோம். இன்று நிதானமாக நினைத்துப் பார்த்தால், அவர் செய்த குற்றம் என்ன? எந்தத் தவறும் செய்யாமல் ஒரு நாளில் வீட்டையும் கணவனையும் மதிப்பையும் இழந்த பெண் அவர். கணவரின் மனமாற்றத்துக்கான விலையில் பெரும்பங்கைக் கட்டியவர் அவர்தான். புனிதரின் மகிமையைக் கொண்டாடும்போது அந்தப் பெண்ணின் கண்ணீரையும் நினைப்பது புனிதருக்கு அவமரியாதை ஆகாது.

சனவரி 8-ஆம் நாள் அருளானந்தர் கைதானார். சங்கிலி பூட்டி இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இம்முறை கிழவன் சேதுபதிக்குக் குடும்பத்தின் மானம் ஒரு பக்கம், தடியத்தேவரின் செல்வாக்கு மறுபக்கம். தலைநகரிலேயே கொன்றால் கலகம் எழும் என்று அஞ்சினார் போலும். வெளியே நாடு கடத்தல் என்று அறிவித்துவிட்டு, ஓரியூரில் ஆட்சி செய்துகொண்டிருந்த தம் சகோதரரிடம் அனுப்பினார். கொன்றுவிட வேண்டும் என்ற இரகசியக் கட்டளையும் உடன் சென்றது. சனவரி 31-ஆம் நாள் அவர்கள் ஓரியூரை அடைந்தார்கள்.

ஓரியூர் மேடு

ஓரியூர் ஆட்சியாளர் நோயாளி. இந்தச் சுவாமி தமக்குச் சுகமளிப்பார் என்று எதிர்பார்த்தார் என்றும், நோயைத் தீர்ப்பது தம் கையில் இல்லை, இறைவன் கையில் இருக்கிறது என்று அருளானந்தர் சொல்லிவிட்டார் என்றும் மரபு கூறுகிறது. கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போதும் தமக்கில்லாத ஆற்றலைத் தமக்கு உண்டென்று காட்டிக்கொள்ள அவர் ஒப்பவில்லை.

பிப்ரவரி 3-ஆம் நாள் சிறையிலிருந்தே தம் சபைச் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. யார்மேலும் பழி இல்லை. நெடுநாள் கேட்ட வரம் நெருங்கிவிட்டது என்ற நிறைவே அதில் நிறைந்திருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தாமாகப் பற்றிக்கொள்ள முடியாமற்போனது, இப்போது தாம் கேளாமலே வந்தது.

மறுநாள் சாம்பல் புதன். உலகெங்கும் கோவில்களில் குருக்கள் மக்களின் நெற்றியில் சாம்பலிட்டு, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்பப்போகிறவன் என்று நினைவூட்டிக்கொண்டிருந்த நாள். ஓரியூரில் சாம்பலிட ஆள் இல்லை, பீடமும் இல்லை. ஆற்றோரத்து மேட்டுக்கு அவரை நடத்திச் சென்றார்கள். முழங்காலிட்டுச் செபித்தார். பின் எழுந்து, வெட்ட வந்தவரை அன்போடு தழுவினார் என்று சொல்லப்படுகிறது. மீண்டும் முழங்காலிட்டுத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதமும் இல்லை. தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். மண்ணுக்குத் திரும்புதல் என்பதை அவர் அந்தத் தவக்காலத்தின் முதல் நாளிலேயே நிறைவேற்றிவிட்டார்.

செய்தி லிஸ்பனை அடைந்தபோது அவருடைய தாயார் துக்க உடை உடுத்தாமல் விழாக்கோலத்தில் அரண்மனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். கப்பலேற விடாமல் மகனைத் தடுத்த அதே தாய். மகன் கற்ற பாடத்தைத் தாயும் கற்றுக்கொண்டிருந்தார்.

1853-இல் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கும் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், 1947-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். இன்று சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஓரியூருக்குச் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் வருகிறார்கள். அங்குள்ள சிவந்த மணலைப் புனிதரின் இரத்தம் படிந்த மணல் என்று நம்பிப் பக்தியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

நம் பங்குக்கு ஒரு வார்த்தை

அன்பார்ந்தவர்களே, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். சாம்பல் புதனன்று விடியற்காலைப் பூசையில் நெற்றியில் சாம்பலைப் பெற்றுக்கொண்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று ஓடுவதை நாம் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறோம். வியர்வையில் அது பத்து மணிக்கே கரைந்துவிடும். அதைப்பற்றிக் கவலை வேண்டாம். சாம்பல் நெற்றியில் நிற்க வேண்டிய பொருள் அல்ல. உள்ளே இறங்க வேண்டிய பொருள்.

தவக்காலத்தில் நாம் ஒறுத்தல் செய்கிறோம். இறைச்சியை விடுகிறோம், ஒரு வேளை உண்கிறோம், சிலர் புகையை விடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எதை விடுவது என்பதை நாமே தேர்ந்துகொள்கிறோம். நாம் தேர்ந்தெடுக்காத ஒன்றை விடும்படி இறைவன் கேட்டால் என்ன செய்கிறோம்? ஓவர்டைம் கிடைக்காமற்போன மாதம், படுக்கையில் விழுந்த மாமியார், மதிப்பெண் குறைந்த பிள்ளை, பேச்சை நிறுத்திய சகோதரன், இவையும் தவக்காலத்தில்தான் வருகின்றன. வெள்ளிக்கிழமை ஒருசந்தியைத் தவறாமல் பிடிக்கிறவர் அந்தச் சகோதரனின் வாசற்படியை மிதிக்க மறுத்தால், அவர் தமக்குப் பிடித்த பலியைக் கொடுக்கிறாரே தவிர, கேட்ட பலியைக் கொடுக்கவில்லை.

ஜூபிலி என்றால் கல்வெட்டு உண்டு. கல்வெட்டு என்றால் பெயர் வரிசை உண்டு. பெயர் வரிசை என்றால் மனத்தாங்கலும் உண்டு. தேரில் யார் முன்னே பிடிப்பது, மேடையில் யாருக்கு நாற்காலி, மலரில் யார் படம் எந்தப் பக்கம் என்பவற்றில் பங்குத்தந்தையாகிய நமக்கும் ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். அப்படிப்பட்ட வேளைகளில், தம் பெயரையும் குலத்தையும் நாட்டையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வந்த அந்தக் காவி உடைப் பண்டார சுவாமியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். பெயரே எழுதப்படாமல் அவருக்கு முன்னால் நடந்த உபதேசியார்களையும் நினைத்துக்கொள்வோம். நம் பங்கும் அப்படிப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் சுமந்த மண்ணாலும் கல்லாலும் எழுந்ததுதான்.

நாமும் ஒரு நாள் இந்தப் பங்கை விட்டு மாற்றலாகிப் போவோம். எப்போது என்பது நம் கையில் இல்லை. முடிக்காத வேலைகள் நிச்சயம் இருக்கும். இம்முறை முணுமுணுக்காமல் போகவும், அடுத்து வருகிறவர் முடித்துவைக்கும் விழாவுக்கு முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் உட்காரவும் நமக்கு வரம் கிடைக்கும்படி புனித அருளானந்தரை மன்றாடுங்கள். உங்களுக்காகவும் நாம் அதே வரத்தைக் கேட்கிறோம்.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறைவனில் உங்கள்,
பங்குத்தந்தை